மூன்று புள்ளி போட்ட பல்செட்

பிற்பகல் இரண்டு மணி. ஆமாம், பட்டப்பகல். பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் சிநேகிதனுடைய பெரியப்பாவுக்கு நடந்தது.

ஊருக்கு வெளியே ஒரு நீளமான சாலை. மரம் கிடையாது, நிழல் கிடையாது. பஸ் இறக்கிவிட்டுப் போன பிறகு ஒரு காக்கைகூட இல்லை. பெரியப்பா முன்னால், பெரியம்மா இரண்டடி பின்னால். சாலை முடிகிற இடத்தில் ஒரே ஒரு கட்டடம்... ஸ்கேன் சென்டர்.

மூன்று மாதமாகப் பெரியப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு கவளம் தொண்டைக்குழிக்குப் போய் நிற்கும். மேலேயும் வராது, கீழேயும் போகாது. பதினோரு கிலோ குறைந்துவிட்டார். டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, சி.டி. ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார். எதற்கென்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

பெரியப்பா சலவைக்கடைக்காரர். நாற்பது வருடம் ஊரார் அழுக்கை வெளுத்தவர். கறையைப் பார்த்தே இது வியர்வை, இது சீழ், இது பிள்ளை கக்கிய பால் என்று சொல்லிவிடுவார். அதனாலேயோ என்னவோ, பிறத்தியார் உடம்பு பட்ட எதுவும் அவருக்கு ஆகாது. அவருடைய தம்ளரில் யாராவது வாய் வைத்தால் தம்ளரே தெருவுக்குப் போய்விடும். கடைக்கு வருகிற துணி ஒவ்வொன்றிலும் ஓரத்தில் அழியாத மையால் குறி போட்டுத்தான் தொட்டியில் இறக்குவார். நாற்பது வருடத்தில் ஒரு கைக்குட்டைகூட ஆள் மாறிப் போனதில்லை. அந்தப் பழக்கம் முற்றிப்போய், அவருடைய குடை, செருப்பு, கண்ணாடிக்கூடு எல்லாவற்றிலும் மூன்று புள்ளி. பல்செட்டின் உட்புறத்திலும் ஊசியைச் சுட்டு மூன்று புள்ளி வைத்திருந்தார்.

"வாய்க்குள்ள இருக்கிறதை எவன் திருடப் போறான்?" என்று பெரியம்மா சிரிப்பாள்.

"திருட வேணாம். மாறிடக் கூடாது."

சென்டரில் ஸ்கேன் எடுக்கிற பெண் சிரித்த முகம். கையில் ஊசியைக் குத்தி, மருந்து ஏற்றுவதற்கு ஒரு சின்னக் குழாயை ஒட்டிவிட்டாள்.

"சாப்பிட்டு நாலு மணி நேரம் ஆச்சா ஐயா?"

"மூணு மாசம் ஆச்சும்மா."

அவள் சிரித்துவிட்டு, தினமும் நூறு பேரிடம் சொல்கிறதைச் சொன்னாள். "மோதிரம், கண்ணாடி, பல்செட் எல்லாத்தையும் கழட்டிடுங்க. இல்லேன்னா படம் கெட்டுடும். மருந்து உள்ள போறப்ப உடம்பு சூடாகும். ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரி இருக்கும், ஆனா போயிருக்க மாட்டீங்க. வாயில இரும்பு ருசி வரும். பயப்படாதீங்க. பத்தே நிமிஷம்."

உடை மாற்றுகிற அறை ஒரு அலமாரி அகலம்தான். கொடுத்த அங்கியை விரித்துப் பார்த்தார். காலர் ஓரத்தில் பழுப்பாக ஒரு வட்டம். கோழை... சோடா போடாமல் வெறும் தண்ணீரில் அலசியிருக்கிறார்கள். காலரை வெளிப்பக்கம் மடித்துவிட்டு மாட்டினார். தட்டில் இரண்டு எவர்சில்வர் கிண்ணங்கள். ஒன்று மூடியிருந்தது. மற்றதில் தன் பல்செட்டைப் போட்டு மூடினார். முப்பது வருடத்தில் பெரியம்மாகூட அவரைப் பல்லில்லாமல் பார்த்ததில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டே வெளியே வந்தார்.

அப்போதுதான் உள்ளேயிருந்து ஒரு ஸ்ட்ரெச்சர் வந்தது. எலும்பும் தோலுமாக ஒரு கிழவர். வாய் ஒரு குழி. அந்தக் குழியின் ஓரத்திலிருந்து கெட்டியாக ஒரு எச்சில் நூல், அறுபடாமல், தலையணை வரைக்கும். புளித்த பால் நாற்றம். கிழவரின் கண் மட்டும் திரும்பிப் பெரியப்பாவின் வாயைப் பார்த்தது... பொத்திய கையைத் துளைத்துப் பார்க்கிற மாதிரி.

பெரியப்பா உள்ளே போனார். மெத்தை விரிப்பு ஈரமாக, இளஞ்சூடாக இருந்தது. தலை வைக்கிற பஞ்சுக்குழி இன்னொரு தலையின் அச்சில் அழுந்திக் கிடந்தது. அதில் ஒரு நரைமுடி. படுத்தார். வேறு வழி? மேசை நகர்ந்து வளையத்துக்குள் நுழைந்தது. உர்ர்ர்... என்று ஏதோ சுழன்றது. ஒலிபெருக்கியில் அவள் குரல்: "எச்சில் முழுங்காதீங்க... அசையாதீங்க..."

மருந்து ஏறியது. தொண்டையில் ஒரு சூடு, வயிற்றில், அதற்கும் கீழே. வாயெல்லாம் துருப்பிடித்த ஆணியைச் சப்பிய ருசி. ஊறிய எச்சிலை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கிடந்தார்.

அவர் உள்ளே கிடந்த அந்தப் பத்து நிமிடத்தில், கிழவரின் மகள் அழுதுகொண்டே ஓடிவந்து, அப்பாவின் சால்வை, செருப்பு, கிண்ணத்தில் இருந்த பல்செட்... கைக்குக் கிடைத்ததை அள்ளிக்கொண்டு போயிருக்கிறாள்.

பெரியப்பா திரும்பி வந்தபோது பெரியம்மா வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பி, கிண்ணத்தில் இருந்ததை எடுத்துக் குழாய்த் தண்ணீரில் காட்டி, பார்க்காமலே மாட்டிக்கொண்டார். நன்றாகக் கவ்விப் பிடித்தது. இளைத்ததிலிருந்து தளர்ந்து ஆடிக்கொண்டிருந்த செட்... மருந்தில் ஈறு வீங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். வேறு ருசி தெரிந்திருக்காதா என்கிறீர்களா? வாய்தான் இரும்பாகக் கிடக்கிறதே!

அன்று சாயங்காலம் பெரியம்மா சோற்றைக் குழைத்து வைத்தாள். ஒரு வாய் வைத்தார். இறங்கியது. இன்னொன்று. அதுவும் இறங்கியது. தட்டை வழித்துவிட்டு மறுபடி நீட்டினார்.

"ஸ்கேன் எடுத்தாலே குணமாயிடுமா என்ன?" பெரியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மெல்லவே வேணாம்டி. தானா மெல்லுது."

படுக்கப் போகும்முன் பல்லைக் கழற்றி விளக்கடியில் பிரஷ்ஷை எடுத்தார். திருப்பினார்.

புள்ளி இல்லை.

உட்புறம் முழுக்க மஞ்சள் பாசி. ஈறு படுகிற பள்ளத்தில் அரைத்துக் காய்ந்த ஏதோ, பல நாள் பழையது, தண்ணீர் பட்டு ஊறி நெகிழ்ந்திருந்தது. புளித்த பால் நாற்றம். தின்றதெல்லாம் வெளியே வந்தது. சலவைச் சோடாவைக் கரைத்து வாயைக் கொப்பளித்தார். ஈறு வெந்து ரத்தம் கசியும்வரை கொப்பளித்தார்.

மறுநாள் பெரியம்மா சென்டருக்குப் போன் போட்டாள். அந்தப் பெண் விசாரித்துவிட்டு மத்தியானம் கூப்பிட்டாள்.

"அம்மா, ரிப்போர்ட் வந்துடுச்சு. தொண்டையில ஒண்ணுமே இல்ல, சுத்தமா இருக்கு. அப்புறம் அந்தப் பல்செட்டு... அந்தப் பெரியவர் நேத்து வீடு போய்ச் சேர்றதுக்குள்ள தவறிட்டாராம். அப்பா முகம் ஒட்டிப்போய்த் தெரியக் கூடாதுன்னு பொண்ணே பல்லை மாட்டி, புது வெள்ளைத் துணி வாங்கித் தலையோட சுத்தி... காலையிலேயே அடக்கம் பண்ணிட்டாங்களாம்."

பெரியப்பாவின் மூன்று புள்ளி இப்போது ஆறடி ஆழத்தில், இன்னொருவர் வாயில்.

"அந்தக் கருமத்தைத் தூக்கி எறிங்க. புதுசு செஞ்சுக்கலாம்," என்றாள் பெரியம்மா.

புதுசுக்கு மூன்று வாரம் ஆகும் என்றார் பல் டாக்டர். அதுவரைக்கும் கஞ்சி குடித்துக்கொள்ளலாம் என்று பெரியப்பா சொன்னார். ஆனால் கஞ்சி நின்றது. தொண்டைக்குழியில், அதே இடத்தில். ஒன்றுமே இல்லை என்று படம் சொன்ன இடத்தில். மறுநாள் தண்ணீரும் நின்றது. மூன்றாம் நாள் எழுந்து உட்கார முடியவில்லை.

அந்தப் பல்செட்டை அவர் எறியவில்லை.

நான்காம் நாள் விடிகாலை அவரே சுவரைப் பிடித்து எழுந்துபோய் அதைச் சோடாவில் மூன்று முறை கொதிக்க வைத்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மாட்டினார். "சோறு வை," என்றார். இறங்கியது.

அப்படியே பத்து நாள். தின்றுவிட்டுக் கழற்றுவார், கழற்றியதும் ஓங்கரிப்பார். சில நேரம், வாயை மூடி உட்கார்ந்திருக்கும்போது பல் இலேசாக அரைபடும்... அவர் அரைக்கவில்லை. ஒரு கிலோ ஏறியிருந்தார். ராத்திரியில் அதை வீட்டுக்குள் வைக்க மனம் வராது. கிண்ணத்தில் போட்டு, மூடி, கொல்லையில் துவைகல்லின் மேல் வைத்துவிட்டுக் கதவைத் தாழ் போடுவார்.

பதினோராம் ராத்திரி ஒரு சத்தம். டக்... டக்... எவர்சில்வரில் ஏதோ தட்டுகிற மாதிரி. பெரியப்பா கண் விழித்துப் படுத்திருந்தார். டக். அப்புறம் ஒன்றுமில்லை.

விடிந்ததும் போனார். மூடி ஒழுங்காக மூடியபடி இருந்தது. திறந்தார். தண்ணீர் செம்மண் கலங்கலாக இருந்தது. விரலை விட்டு எடுத்தார். தளர்வான, பழகிய செட். திருப்பினார்.

மூன்று புள்ளி.

உள்ளேயிருந்து பெரியம்மா கூப்பிட்டாள்: "என்னங்க, பல்லை மாட்டிக்கிட்டு வாங்க. சோறு ஆறுது."

முன்பல் இடுக்கில் வெள்ளையாக ஏதோ சிக்கியிருந்தது. நகத்தால் இழுத்தார். வந்துகொண்டே இருந்தது... ஒரு சாண் நீளம், மென்று மென்று திரிதிரியாகிப்போன துணி. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். நாற்பது வருடக் கை, தப்பாது. மில்லில் துணிக்குப் போட்ட கஞ்சி இன்னும் போகவில்லை. ஒரு தடவைகூட வெளுப்புக்குப் போகாத புதுத் துணி.