மச்சினருக்கு ஓட்டுக் கேட்காத விமர்சகர்

மேடையில் வீற்றிருக்கும் வானொலி நிலைய இயக்குநர் அவர்களே, ஆளும் கட்சியின் மாவட்டச் செயலாளர் அவர்களே, எதிர்க்கட்சியின் மாவட்டச் செயலாளர் அவர்களே, இந்த இருவருக்கும் நடுவில் நாற்காலி கிடைத்ததால் எந்தப் பக்கமும் திரும்ப முடியாமல் உட்கார்ந்திருக்கும் மறைந்தவரின் மைத்துனர், மருந்துக் கடைக்காரர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் குடும்பத்தாரே, செவ்வாய்க்கிழமை மாலைகளில் அவர் குரலைக் கேட்டுக் கோபப்படுவதற்கென்றே வானொலியைத் திருகிய அருமை நேயர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நம் வானொலியின் மூத்த அரசியல் விமர்சகர், பழமையின் காவலர், பரபரப்பின் பகைவர், உங்களால் 'நிதானம் சார்' என்று அன்போடும், தேர்தல் நேரத்தில் அன்பில்லாமலும் அழைக்கப்பட்டவர் நம்மை விட்டுப் போய்விட்டார். இந்த மேடையில் இருக்கும் ஒவ்வொருவரையும் அவர் விமர்சித்திருக்கிறார். யாரையாவது விட்டாரா? ஒருவரையும் விடவில்லை! ஆனாலும் எல்லோரும் வந்திருக்கிறீர்கள். இதைவிட ஒரு விமர்சகருக்கு என்ன மரியாதை வேண்டும்?

அவருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். யார் எதைக் கேட்டாலும் "நிதானம், நிதானம்" என்றுதான் வாயைத் திறப்பார். மாநில அரசு புதுத் திட்டம் அறிவித்தால் நிதானம். நாட்டின் அரசு பழைய சட்டத்தை மாற்றினால் நிதானம். எங்கள் நிலையத்தில் பழைய காபி இயந்திரத்தைத் தூக்கிவிட்டுப் புதியது வைத்தபோதும், "பழசுக்கு என்னம்மா கொறச்சல்? நிதானமா யோசிச்சீங்களா?" என்று கேட்டார். சில நாள் கழித்துத் தீ அபாய மணி அடித்தது. நாங்கள் எல்லோரும் படியில் விழுந்தடித்து ஓடினோம். அவர் மட்டும் வராந்தாவில் நின்று, "நிதானம்! முதல்ல எது எரியுதுன்னு பாருங்க" என்றார். எரிந்தது அந்தப் புதிய காபி இயந்திரம்தான். அன்று அவர் முகத்தில் கண்ட ஆனந்தத்தை எந்தத் தேர்தல் முடிவின்போதும் நான் கண்டதில்லை.

அவர் பழமைவாதியா? ஆமாம்! அதை ஒருநாளும் ஒளித்ததில்லை. "அரசாங்கம் கொஞ்சமா வாக்குக் கொடுக்கணும், கொடுத்ததை ஒழுங்கா செய்யணும். மிச்சத்தை ஜனங்க பாத்துப்பாங்க" என்பார். "எந்தச் சட்டத்தை வேணா மாத்துங்க. ஆனா நாளைக்கு உங்களுக்குப் பிடிக்காத ஆளு கையிலயும் இதே பேனா இருக்கும்னு நெனச்சுக்கிட்டு மாத்துங்க" என்பார். அவர் அதிகமாகச் சொன்னது இதுதான்: "நாட்டுக்குன்னு ஒரு வேலை இருக்கு, மாநிலத்துக்குன்னு ஒரு வேலை இருக்கு, வீட்டுக்குன்னு ஒரு வேலை இருக்கு. மூணையும் போட்டுக் கலக்குனா ஒண்ணும் உருப்படாது."

இதை எல்லாம் எதிரில் உட்கார்ந்து கேட்டவள் நான். நிகழ்ச்சித் தொகுப்பாளர் என்பது என் பதவி. அவர் மைக்கை அணைக்கும் பொத்தானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது என் வேலை. நிலையத்தைப் புதுப்பித்தபோது ஒலிப்பதிவு அறையில் உயரமான முக்காலிகளைப் போட்டார்கள். அவர் வந்து பார்த்தார். சுற்றி ஒரு நடை நடந்தார். "காலு தரையில படாம கருத்து சொல்ற பழக்கம் எனக்கு இல்லம்மா" என்றார். கணக்குப் பிரிவிலிருந்து ஒரு மர நாற்காலி வந்தது. அதன் பிறகு மற்ற விருந்தினர்கள் எல்லாம் மேலேயும், அவர் கீழேயும் உட்கார்ந்து விவாதித்தார்கள். மைக்கை அவருக்காக வளைத்து வளைத்து அதன் கழுத்தே ஒடிந்துவிட்டது. ஆனால் கீழே இருந்து பேசியவர்தான் பெரும்பாலும் ஜெயித்தார்!

அன்பர்களே! அவருடைய அறிவைப் பற்றிப் பேச இங்கே பலர் இருக்கிறார்கள். நான் அவருக்கு நேர்ந்த ஒரு சோதனையைப் பற்றித்தான் பேச வந்தேன்.

போன முறை மாநிலத் தேர்தலும் நாட்டுத் தேர்தலும் ஒரே நாளில் வந்தது நினைவிருக்கிறதா? சுவரெல்லாம் சிரித்த முகங்கள். தெருவெல்லாம் ஒலிபெருக்கி. அந்தத் தேர்தலில் அவர் வாழ்நாள் முழுக்க ஓட்டுப் போட்ட கட்சி, இப்போது எதிர்க்கட்சியாக இருக்கும் கட்சி, நம் தொகுதியில் நாடாளுமன்றத்துக்கு யாரை நிறுத்தியது? இதோ இங்கே இருக்கும் மருந்துக் கடைக்காரரை! நிதானம் சாரின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பியை!

வீட்டில் கொண்டாட்டம். அக்காவுக்குத் தரையில் கால் பாவவில்லை. தம்பி வீடு வீடாகப் போனார். பேருந்து நிறுத்தத்துக்குக் கூரை போடுவேன் என்றார். சாக்கடையைத் தூர் வாருவேன் என்றார். பூங்காவில் பெஞ்சு போடுவேன் என்றார். தெரு நாய்களுக்கு ஊசி போடுவேன் என்றார். மருந்துக் கடைக்காரர் என்பதால் சிலர் அவரே நேரில் வந்து போடுவார் என்று நம்பினார்கள். மக்கள் கை தட்டினார்கள். நிதானம் சார் மட்டும் தட்டவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை நிகழ்ச்சிக்கு முன்னால், இந்த மேடையில் இருக்கும் எதிர்க்கட்சிச் செயலாளர் ஐயா எங்கள் நிலையத்துக்கே வந்தார். வராந்தாவில் வைத்துச் சொன்னார்.

"சார், நம்ம கட்சி. உங்க சொந்த மச்சினரு வேற. ரெண்டு வார்த்தை நல்லதா சொல்லிடுங்க."

"ரெண்டு என்ன, நாலாவே சொல்றேன்" என்றார் இவர்.

செயலாளர் நிம்மதியாக வெளியே போய்த் தன் வண்டியிலேயே வானொலியைப் போட்டார். நிகழ்ச்சி தொடங்கியது. வேட்பாளர்களைப் பற்றி நான் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"என் மச்சினர் யோக்கியமானவர். அவர் கொடுக்கிற மாத்திரையை நான் கண்ணை மூடிக்கிட்டு முழுங்குவேன். ஆனா ஓட்டைக் கண்ணை மூடிக்கிட்டுப் போட முடியாது. அவர் சொல்ற சாக்கடையும் பெஞ்சும் நகராட்சி வேலை. நாடாளுமன்றத்துல உக்காந்துக்கிட்டு நாய்க்கு ஊசி போட முடியாது. அங்க போறவர் வரியைப் பத்தியும் எல்லையைப் பத்தியும் சட்டத்தைப் பத்தியும் என்ன நினைக்கிறார்னு சொல்லணும். இவர் ஒரு வார்த்தை சொல்லல. சொல்ற வரைக்கும் என் ஓட்டை நான் யாருக்கும் ஒதுக்கி வைக்க முடியாது."

ஐயா செயலாளர் அவர்களே, நீங்கள் அப்போது வண்டியை எங்கே கொண்டுபோய் மோதினீர்கள் என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. எங்கள் நிலையத்தின் மதில் புதிதாகக் கட்டப்பட்டுவிட்டது.

வீட்டில் என்ன நடந்தது? அம்மா, அதாவது அவர் மனைவி, ஒரு பையில் துணியை எடுத்து வைத்துக்கொண்டார்கள். "எங்க கெளம்பிட்ட?" என்று கேட்டிருக்கிறார். "பிரச்சாரத்துக்கு" என்று சொல்லிவிட்டு, அடுத்த தெருவில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதன் பிறகுதான் நாட்டின் நிதி நிலைமையைப் புட்டுப் புட்டு வைக்கிற இந்த மனிதருக்கு, தன் வீட்டில் அடுப்பு எப்படிப் பற்றவைப்பது என்பது தெரியாது என்பது எங்களுக்குத் தெரிந்தது. நிலையத்து உணவகத்தில் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துத் தின்பார். சட்டையில் இஸ்திரி இருக்காது. கேட்டால், "சிக்கனம்" என்பார்.

கட்சிக்காரர்கள் தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். காலை நடையில் கூடவே வரும் நண்பர்கள் பாதையை மாற்றிக்கொண்டார்கள். துரோகி என்று அவர் வீட்டு வாசலிலேயே யாரோ கத்திவிட்டுப் போனார்கள். எதிர் அணிக்காரர்கள் ஓடி வந்து கை குலுக்கினார்கள். அவர்களிடம், "நிதானம்! உங்க வேட்பாளருக்கு அடுத்த வாரம் இருக்கு" என்றார். அவர்களும் பாதையை மாற்றிக்கொண்டார்கள்.

அடுத்த செவ்வாய் வந்தது. நேயர்கள் தொலைபேசியில் கேட்கும் பகுதி. ஓர் அழைப்பு.

"வணக்கம், சொல்லுங்க, யார் பேசுறீங்க?" என்றேன்.

"ஒரு வாக்காளர் பேசுறேன்" என்றது ஒரு குரல்.

நிதானம் சார் கையில் இருந்த பேனா கீழே விழுந்தது. வாக்காளர் தொடர்ந்தார்.

"உங்க விமர்சகர்கிட்ட ஒரு கேள்வி. குடும்பம்தான் நாட்டுக்கு அஸ்திவாரம்னு இத்தனை வருஷமா மைக்குல பேசுறாரே. எழுதுறாரே. என்னையும் கேக்க வைக்கிறாரே. அப்படின்னா சொந்த மச்சினன் நிக்கும்போது அஸ்திவாரத்துக்கு ஒரு ஓட்டு கெடையாதா?"

அன்பர்களே, அந்தக் கேள்வியை எந்தத் தலைவராவது கேட்டிருந்தால் அரை நொடியில் பதில் வந்திருக்கும். அன்று வரவில்லை. வானொலியில் மௌனம் என்பது பெரிய குற்றம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொறியாளர் கையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டுகிறார். நான் பாட்டுப் போடலாமா என்று பார்க்கிறேன். அவர் ஒரு கையை உயர்த்தி என்னைத் தடுத்தார். அவர் சொன்னதை அவரே நம்புகிறவர். அதனால்தான் அந்தக் கேள்வி அவருக்கு வலித்தது. பிறகு மெல்லச் சொன்னார்.

"நீங்க சொல்றது சரிதாங்க. குடும்பம் அஸ்திவாரம்தான். ஆனா அஸ்திவாரத்தைக் கொண்டுபோய் யாரும் மாடியில வைக்க மாட்டாங்க. அது கீழ இருந்து தாங்கணும். என்னைத் தாங்குனது அதுதான். அதைக் காட்டி நான் ஊர்க்காரங்ககிட்ட ஓட்டுக் கேட்டா, நாளைக்கு எந்த மந்திரி அவர் மச்சினனுக்குப் பதவி கொடுத்தாலும் நான் வாயை மூடிக்கிட்டு இருக்கணும்."

 பிறகு அதே வாக்காளர் கேட்டார்: "ரத்தக் கொதிப்பு மாத்திரை போட்டீங்களா?"

"... போடல."

"ஏன்?"

"எங்க இருக்குன்னு தெரியல."

"நேரலையில சொல்றேன், நல்லா கேட்டுக்கோங்க. சமையலறை, மேல் அலமாரி, நீல டப்பா. சாப்பிட்டுட்டுப் போடணும். வெறும் வயித்துல போடாதீங்க."

"சரிம்மா."

"நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்" என்று சொல்லி வாக்காளர் தொலைபேசியை வைத்துவிட்டார். அன்று ஊரில் பாதிப் பேருக்கு அவர் வீட்டுச் சமையலறை அமைப்பு மனப்பாடமாகிவிட்டது. கடைவீதியில் போனால் காய்கறிக்காரர் கூட, "சார், நீல டப்பா?" என்று கேட்டார்.

அந்த உரையாடலைத் தம்பியும் தன் கடையில் நின்று கேட்டிருக்கிறார். மறுநாள் காலையில் அவர் அத்தான் வீட்டுக் கதவைத் தட்டினார். சண்டைக்குத்தான் போனேன் என்று என்னிடம் அவரே சொல்லியிருக்கிறார்.

"அத்தான், நாடாளுமன்றத்துல என்னதான் பேசுவாங்க? எனக்கு யாரும் சொல்லித் தரலியே. கட்சியில பெஞ்சு போடுறேன்னு சொல்லுன்னாங்க, சொன்னேன்."

"உள்ள வா மாப்ளே. உக்காரு. நிதானமா பேசலாம்."

அன்று மாலை வரை பேசினார்கள். இருவருக்கும் வரி விஷயத்தில் ஒத்துப்போகவில்லை; உள்ளே சத்தம் கேட்டு எதிர் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஆனால் அடுத்த கூட்டத்தில் மருந்துக் கடைக்காரர் மேடையேறி, "சாக்கடையும் பெஞ்சும் நான் போற இடத்துல செய்ய முடியாதுங்க. தெரியாம சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோங்க. மருந்து வரியைக் கொறைக்கச் சொல்லிப் பேசுவேன். அது முடியும்" என்றார். கூட்டத்தில் கை தட்டல் பாதியாகக் குறைந்தது. அக்கா மட்டும் கடைசி வரை தட்டினார்கள். வாக்குப்பதிவு அன்று காலையில், எந்த அறிவிப்பும் இல்லாமல், பையோடு வீட்டுக்குத் திரும்பி வந்து, கணவரைச் சாப்பிட வைத்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிவிட்டு, இரண்டு பேரும் சேர்ந்தே போய் ஓட்டுப் போட்டார்கள். அவர் யாருக்குப் போட்டார் என்பதை அந்த அம்மாவிடமே சொல்லவில்லை. "ரகசிய வாக்கெடுப்பும்மா. ரொம்பப் பழைய ஏற்பாடு, அதைக் கெடுக்கக் கூடாது" என்றாராம்.

முடிவு என்ன ஆயிற்று? தோற்றார்! நன்றாகவே தோற்றார்! வாக்கு எண்ணும் நாளில் ஒலிபரப்பில் அந்த முடிவை வாசிக்க வேண்டிய முறை நிதானம் சாருக்கே வந்தது. நான் வாசிக்கிறேன் என்று தாளை வாங்கப் போனேன். கொடுக்கவில்லை. வாசித்தார். கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: "தோத்தவர் என் மச்சினர். செய்ய முடியாததைச் சொல்லி ஜெயிக்கிறதைவிட, செய்ய முடிஞ்சதைச் சொல்லித் தோத்திருக்கார். எனக்கு இன்னைக்குப் பெருமையா இருக்கு." சொல்லி முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

பிறகு நகராட்சித் தேர்தல் வந்தது. மருந்துக் கடைக்காரர் பேருந்து நிறுத்தக் கூரை, சாக்கடை, பெஞ்சு எல்லாவற்றையும் சொல்லி நின்றார். இந்த முறை அவை அவர் போகிற இடத்தில் நடக்கக்கூடிய வேலைகள். ஜெயித்தார்! கூரை போட்டார்! திறப்பு விழாவில் நிதானம் சார் பேச அழைக்கப்பட்டார். மைத்துனரை மனதாரப் பாராட்டினார். பாராட்டி முடித்துவிட்டு, மழை எந்தப் பக்கம் சாய்ந்து பெய்யும் என்பதை யோசிக்காமல் கூரையை எதிர்ப்பக்கம் சரித்துவிட்டார்கள் என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, மறுத்துத் தலையாட்டாதீர்கள். நேற்றுக்கூட நான் அங்கே நனைந்தேன்.

சென்ற வாரம் காலையில், நாளிதழ் மடியில் இருக்க, நாற்காலியிலேயே அவர் உயிர் பிரிந்தது. அம்மா என்னிடம் சொன்னார்கள்: "தலையங்கத்தைப் பிரிச்சு வெச்சிருக்காரு. ஒரு வார்த்தை திட்டல. அப்பவே எனக்குப் பகீர்னுச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அழுதார்கள். நானும்தான்.

அன்பர்களே! அடுத்த தேர்தல் வாசலில் நிற்கிறது. சுவர்களில் மறுபடியும் முகங்கள் சிரிக்கத் தொடங்கிவிட்டன. அவர் இல்லாத செவ்வாய்க்கிழமையில் நாங்கள் என்ன செய்யப்போகிறோம்? நிகழ்ச்சி நிற்காது! வருகிற வேட்பாளர் எந்தக் கட்சியானாலும், ஐயா, அம்மா, நீங்கள் சொல்வது நீங்கள் போகிற இடத்தில் நடக்கிற வேலைதானா என்று கேட்போம். சொந்தக்காரரானாலும் கேட்போம், சொந்தக்காரரானால் இரண்டு முறை கேட்போம். இது இந்த மேடையில் நான் தரும் உறுதி. செயலாளர்கள் இருவரும் ஒரே நேரத்தில் தண்ணீர் குடிப்பதைப் பார்க்கிறேன். மிக்க மகிழ்ச்சி!

ஒன்று மட்டும் சொல்லி முடித்துவிடுகிறேன். இந்தக் கூட்டத்துக்கு அனுமதி கேட்க வீட்டுக்குப் போனபோது அம்மா ஒரு நிபந்தனை போட்டார்கள். "அவரைப் பத்தி நல்லதை மட்டுமே பேசிட்டுக் கலைஞ்சு போகாதீங்க. ஒரு பக்கமா பேசுன எந்தக் கூட்டத்தையும் அவர் மதிச்சதில்ல. எதிர்த்தரப்புக்கும் நேரம் கொடுக்கணும்" என்றார்கள்.

கொடுக்கிறோம். என் தரப்பு முடிந்தது. மறைந்த விமர்சகரை எதிர்த்துப் பேச விரும்புகிறவர்களிடம் பெயர் கேட்டிருந்தோம். ஒரே ஒரு பெயர்தான் வந்திருக்கிறது. முன்வரிசையில் எழுந்து நிற்கிறார்கள்.

அம்மா, வாங்க. உங்களுக்கு நேரக் கட்டுப்பாடு கிடையாது.