முப்பத்திரண்டாவது கையெழுத்து

— பாக்கெட்டா? வானத்துக்குப் போற துணியில பாக்கெட் எதுக்குடா?

— எனக்கில்லைக்கா, எங்க சபைப் பொருளாளர் கேட்டார். மூக்குக்கண்ணாடி வைக்கணுமாம்.

— ஆஹா! அங்க போய் எதைப் படிக்கப் போறாராம்? உங்க சபையில முன்னாடி நின்னு பாடுமே ஒரு அம்மா, அது வந்து இடுப்புல ரெண்டு விரல் கூடுதலா விட்டுத் தைங்க, பின்னாடி உடம்பு போட்டா பிரிச்சுக்கலாம்னுச்சு. உலகமே முடியப்போகுதுங்கறீங்க, அப்புறம் ஏதும்மா பின்னாடின்னு கேட்டேன். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போயிடுச்சு.

— கேலி பண்ணாதேக்கா. கர்த்தர் எப்ப வேணா வருவார். ஆயத்தமா இருங்க, ஆயத்தமா இருங்கன்னு பாஸ்டர் தொண்டை கட்டுற அளவுக்குச் சொல்றார்.

— அவர் சரியாத்தான்டா சொல்றார். போன வாரம் நானும் கடைசி வரிசையில உட்கார்ந்து கேட்டேனே! மனசைச் சுத்தம் பண்ணுங்கன்னார். நீங்க வெளியில வந்ததும் நேரா துணிக்கடைக்குப் போனீங்க. நாற்பது வெள்ளை அங்கி! மெஷினை மிதிச்சு மிதிச்சு என் கால் வீங்கிப்போச்சு.

— ஸ்தோத்திரம். ஆனா கொடியில முப்பத்தொன்பதுதானே தொங்குது? என்னோடது எங்கே?

— இன்னும் வெட்டலை.

— ஞாயித்துக்கிழமை எல்லாரும் போட்டுக்கிட்டு வரணும்க்கா!

— துணி இருக்கு, நூல் இருக்கு. உனக்குத் தைக்கத்தான் எனக்குக் கை வரலை.

— யாருடி அங்கே? யார்கிட்ட சண்டை போடுற?

— உன் மகன்தாம்மா! நீ படு, திரைக்கு அந்தப் பக்கமே இரு. முட்டியில மருந்து தடவியிருக்கேன், எழுந்திரிச்சு வந்து விழுந்து வைக்காதே!

— அம்மாவைக் கூப்பிடாதேக்கா. நான் வந்தது உன்கிட்ட. இந்தா, இந்தத் தாள்ல ஒரு கையெழுத்துப் போடு.

— என்னடா இது?

— மனந்திரும்புதல் படிவம். யார் யாருக்குத் தப்புப் பண்ணினோமோ அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டு, மன்னிச்சேன்னு கையெழுத்து வாங்கணும். கடைசிக் கையெழுத்து சொந்த வீட்டு ஆளோடதா இருக்கணும். படிவம் நிரம்பினாத்தான் அங்கி.

— பாஸ்டரா இப்படிச் சொன்னார்?

— கமிட்டி. பாஸ்டர் வேண்டாம்னார். ஆனா எதுக்கும் ஒரு ஒழுங்குன்னு வேணும்ல?

— அட என் ஒழுங்கே! கேஸ் கனெக்‌ஷனுக்குப் படிவம் மாதிரி பரலோகத்துக்கும் ஒரு படிவம். கொண்டா, பார்க்கலாம். "நாலாவது மாடி ஏ.சி.யைக் கழட்டி மாட்டும்போது ஒரு ஸ்க்ரூ குறைவாகப் போட்டது." சரி. "மொட்டைமாடியில் யாரோ காயப்போட்ட துண்டில் எண்ணெய்க்கையைத் துடைத்தது." ரொம்பப் பெரிய பாவம்டா. "பக்கத்து வீட்டுப் பூனை மேல் தண்ணீர் ஊற்றியது." பூனை கையெழுத்துப் போட்டுச்சா?

— பூனையோட வீட்டுக்கார அம்மா போட்டாங்க.

— பூனை மன்னிச்சுதான்னு கேட்டியா?

— அக்கா!

— முப்பத்தொண்ணு! துண்டு, பூனை, ஸ்க்ரூ, செருப்பு மாத்திப் போட்டது, தியேட்டர்ல கால் நீட்டினது. தேடித் தேடிப் பொறுக்கியிருக்கே. கடைசியில எனக்கு என்ன எழுதியிருக்கே? "அக்காவிடம் சில சமயம் கோபமாகப் பேசியது."

— பேசியிருக்கேன்ல? அதுக்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன்.

— சில சமயம். கோபமா. பேசினது. அவ்வளவுதானா?

— வேற என்ன?

— கத்தரியை எடுத்து உன் மேலயே எறிஞ்சிடுவேன், ஜாக்கிரதை. வேற என்னவா? அப்பா குளியலறையில விழுந்து கிடந்தாரே, மூணு மணி நேரம், ஈரத்தரையில, வாய் கோணிக்கிட்டு. அன்னைக்கு மத்தியானம் யாரோட முறைடா?

— மெதுவாப் பேசுக்கா.

— முடியாம இருந்தவரைப் பார்த்துக்கக் காலையில நான், மத்தியானம் நீ. காலண்டர்ல அப்பாவே எழுதி வெச்சிருந்தார். ரெண்டு மணிக்கு நீ வந்து உட்கார்ந்தே. நான் கல்யாணப் பொண்ணுக்கு ரவிக்கை கொடுக்கப் போனேன். திரும்பி வந்தா வாசல்ல கூட்டம். நீ அழுதுக்கிட்டே என்ன சொன்னே? "அக்கா பார்த்துக்கறேன்னுச்சு, அதனாலதான் நான் வெளியில போனேன்." சொன்னியா, இல்லையா?

— எனக்கு அப்ப பதினேழு வயசுக்கா. பயந்துட்டேன்.

— இப்ப இருபத்தாறு. இன்னும் பயம் தெளியலையா? எல்லாரும் என்னைக் கரிச்சுக் கொட்டும்போது தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னியே! தாலி வரைக்கும் பேசி முடிச்ச சம்பந்தம். "அப்பனையே அம்போன்னு விட்டவ, எங்க அப்பாவை எப்படிப் பார்த்துக்குவா"ன்னு மாப்பிள்ளை கேட்டுட்டுப் போனான். நல்ல மனுஷன்டா அவன். இன்னும் ஞாபகம் இருக்கு. எவளோ ஒருத்தி போய் வத்தி வெச்சிருக்கா. அவளைச் சொல்லி என்ன, அவளுக்கு வத்தியை எடுத்துக் கொடுத்ததே நீதானே!

— நான் தினமும் ஜெபத்துல சொல்லிட்டுத்தான்க்கா இருக்கேன். கர்த்தருக்கு எல்லாம் தெரியும்.

— அவருக்குத் தெரியும்டா! அவருக்குப் புதுசா நீ என்ன சொல்லப் போறே? தெரியாதது அம்மாவுக்குத்தான். ஒன்பது வருஷமா அப்பா போன அந்த நாள் வந்தா என் மூஞ்சியில முழிக்க மாட்டா. என் கையால குளிச்சு, என் கையால சாப்பிட்டு, அன்னைக்கு மட்டும் சுவத்தைப் பார்த்துப் படுத்துக்குவா. போ. திரையைத் தள்ளிட்டு உள்ளே போ. அவகிட்ட உன் வாயால சொல்லு. அப்புறம் நான் ஒண்ணில்லை, முப்பத்திரண்டு கையெழுத்தும் நானே போடுறேன்.

— அம்மா தாங்க மாட்டாக்கா. வயசான காலத்துல...

— ஆமா, இப்ப அம்மா மேல ஒரு கரிசனம் பொத்துக்கிட்டு வருது! அவ தாங்குவா. நீதான் தாங்க மாட்டே. அவ செல்லம் போயிடும்னு உனக்குப் பயம். கர்த்தர் முன்னாடி கூச்சமில்லாம நிப்பியாம், பெத்தவ முன்னாடி நிக்கக் கால் நடுங்குதாம். இந்த லட்சணத்துல வெள்ளை அங்கி வேணுமாம் துரைக்கு!

— போதும்க்கா.

— போதலை. இன்னைக்கு நீ சொல்லலைன்னா, அந்தத் தாளை மடிச்சு மெஷின் கால் ஆடுதே, அதுக்கு அண்டை கொடு. அதுக்காவது உதவும்.

— ...சரி.

— என்ன சரி?

— போறேன். கூட வா.

— வர மாட்டேன். இங்கேயே நின்னு கேட்கிறேன். சத்தமாச் சொல்லு.

— அம்மா. தூங்குறியா?

— இவ போடுற சத்தத்துல எங்கடா தூங்குறது? உட்காரு.

— அம்மா, அப்பா விழுந்த அன்னைக்கு... அக்கா தப்பு இல்லைம்மா. என் முறை. அப்பா தூங்கிட்டார்னு நான் மேட்சு ஆடப் போயிட்டேன். அஞ்சு நிமிஷம்னு நெனைச்சுப் போனேன். பொழுது சாயற வரைக்கும் ஆடினேன். வந்து பார்த்தா... அக்கா மேல பொய் சொல்லிட்டேன்மா. அக்காவுக்கு அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. எனக்குப் படிவம் வேண்டாம், அங்கி வேண்டாம். நீ என்னை அடி, அம்மா.

— அழாதேடா. கண்ணைத் துடை.

— உனக்குக் கோபம் வரலையா?

— எனக்கு அன்னைக்கே தெரியும்.

— என்னம்மா சொல்றே? என்ன தெரியும்? திரையை விலக்குடா, நான் உள்ளே வரேன்.

— வா. வந்து எதிர்ல உட்காரு. அன்னைக்கு வேலை முடிஞ்சு பஸ்ஸுல வந்தேன்ல, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மைதானத்துல இவன் ஓடுறதைப் பார்த்தேன். சரி, அக்காக்காரி வீட்ல இருப்பா, புள்ளை ஆடட்டும்னு நெனைச்சேன். வீட்டுக்கு வந்தா நீ இல்லை. இவன் அப்புறம் வந்து உன்னைக் கை காட்டினான். மத்தியானம் இவன் முறைன்னு காலண்டர்லயே இருந்துது, பொய்னு பார்த்ததுமே தெரிஞ்சுது.

— தெரிஞ்சும் என்னையா பேசினே? ஒன்பது வருஷம்?

— இவனைப் பேசினா வீட்டை விட்டு ஓடிடுவான்னு பயம்டி. நீ எங்கே போவே? எத்தனை பேசினாலும் எனக்கு ஒரு வாய் போட்டுட்டுத்தான் படுப்பே. உன்னைச் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டுப் பார்க்காம இருந்தது கோபத்துல இல்லை. பார்க்க முகமில்லை.

— அம்மா, போதும். நீ படு. இவனையும் பாவம்னு விட்டுட்டேன், உன்னையும் விட்டேன். நடந்தது நடந்துபோச்சு.

— அவசரப்பட்டு விடாதே, இன்னும் ஒண்ணு இருக்கு. இவனுக்கு வந்த தைரியம் எனக்கு வரலைன்னா நான் யாரு முன்னாடியும் போய் நிக்க முடியாது. மாப்பிள்ளை வீட்ல போய் உன்னைப் பத்திச் சொன்னது எவளோ இல்லைடி. நீ போயிட்டா என்னை யார் பார்த்துக்குவான்னு, நான்தான் போய்ச் சொன்னேன்.