மேனேஜர் சாரின் புது லாட்ஜ்

— தப்பா நினைக்காதீங்கம்மா, மேனேஜர்ங்கிற முறையில கேக்கறேன். ரூமை எப்ப காலி பண்றீங்க?

— என்னங்க, என்னை நல்லாப் பாருங்க. நான் உங்க பொண்டாட்டி.

— லாட்ஜுக்கு வர்றவங்க பாதிப்பேர் அப்படித்தாம்மா சொல்றாங்க.

— ஐயோ, நர்சம்மா! கண்ணு, இங்க கொஞ்சம் வந்து பாரேன். இவருக்கு என்னையே தெரியல. ஆபரேஷனுக்கு முன்னாடி வரைக்கும் ஆளைக் கடிச்சுக் குதறிக்கிட்டு நல்லாத்தான் இருந்தாரு.

— டென்ஷன் ஆகாதீங்கம்மா. வயசானவங்களுக்கு இடுப்பு ஆபரேஷன் முடிஞ்சா இப்படி ஆகறது சகஜம். மயக்க மருந்து, காய்ச்சல், தூக்கமில்லாதது, புது இடம், எல்லாம் சேர்ந்து ஆளைக் குழப்பிடும். நாலஞ்சு நாளுக்குள்ள எப்ப வேணா தெளிஞ்சிடுவாரு. ஐயா, இது எந்த இடம், சொல்லுங்க?

— ரிசப்ஷன்ல நிக்கிற பொண்ணு கேக்கிற கேள்வியா இது? நம்ம லாட்ஜ்தான். முப்பது வருஷமா நான் கட்டி மேய்க்கிற லாட்ஜ்.

— கேட்டியா கண்ணு? ரிட்டயர் ஆகி எத்தனையோ வருஷமாச்சு. அந்த லாட்ஜையே இடிச்சுத் தரைமட்டமாக்கிட்டாங்க.

— இடிச்சாச்சா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாருங்க. அதான் புது பில்டிங்ல ஒண்ணுமே சரியில்ல.

— ஐயா, இது ஆஸ்பத்திரி. நீங்க குளியலறையில வழுக்கி விழுந்தீங்க. இன்னைக்கு என்ன கிழமை சொல்லுங்க பாப்போம்?

— நீ சொல்லு.

— இன்னைக்கு... ஏம்மா, செவ்வாயா, புதனா? டபுள் டியூட்டியில எனக்கே கிழமை மறந்துபோச்சு.

— சுவத்துல கடிகாரமும் நின்னு போயிருக்கு. டாக்டர் பக்கத்துப் படுக்கைக்காரரைப் பாத்து “எப்படி இருக்கீங்க”ன்னு கேட்டுட்டு, இவரோட சீட்டுல “நலம்”னு எழுதிட்டுப் போறாரு. மூக்குக்கண்ணாடியைக் கழட்டி எங்கேயோ வச்சுட்டீங்க. இவர் மட்டும் எப்படிம்மா தெளிவா இருப்பாரு?

— கண்ணாடி பத்திரமா இருக்கும்மா. அலமாரியில பூட்டி வச்சிருக்கோம்.

— கண்ணைப் பூட்டி வச்சுட்டு, இது எந்த இடம்னு கேள்வி வேறயா?

— சாவி ஸ்டோர்காரர்கிட்ட இருக்கு, அவர் டீ குடிக்கப் போயிருக்காரு. வந்ததும் வாங்கித் தர்றேன். அதுவரைக்கும் நீங்க எதிர்த்து வாதாடாதீங்க. பக்கத்துலயே உக்காந்து பேச்சுக் குடுங்க. தெரிஞ்ச குரல் கேட்டா மனசு அடங்கும்.

— என் குரலைக் கேட்டா? நல்லா அடங்குவாரு. சரி, நீ போ கண்ணு.

— அந்தப் பொண்ணு போயாச்சா? வாய் ஜாஸ்தி. நீங்க ஏம்மா நின்னுக்கிட்டே இருக்கீங்க, உக்காருங்க. சாப்டீங்களா?

— என்ன கேட்டீங்க?

— சாப்டீங்களான்னு கேட்டேன். முகம் வாடியிருக்கே.

— நாப்பது வருஷத்துல இதை நீங்க என்கிட்ட கேட்டதே இல்லங்க. “சோறு ஆச்சா”ன்னுதான் கேப்பீங்க.

— தப்பா நினைக்காதீங்கம்மா, லாட்ஜ் கெட்டுப் போச்சு. வர்றவங்க துணியை வாங்கி வச்சுக்கிட்டு, முதுகு தெரியற சட்டையைக் குடுக்கறானுங்க. கேக்காமலே ரத்தம் எடுத்துக்கிட்டுப் போறானுங்க. அதனாலதான் ஒவ்வொருத்தரையும் நானே விசாரிக்கறேன். வந்து தங்கறவங்க மனசு கோணக் கூடாது.

— வீட்ல இருக்கறவங்க மனசு?

— அவங்க எங்கம்மா போயிடப் போறாங்க?

— அதுவும் சரிதான், மேனேஜர் சார். உங்க வீட்டம்மா எப்படி?

— அவளா? தங்கமான பொம்பளை. வாயைத் திறந்து ஒரு குறை சொன்னதில்ல.

— மாடிக்கு மாடி புகார்ப் பெட்டி மாட்டினீங்களே, வீட்ல ஒண்ணு மாட்டினீங்களா?

— நல்லாயிருக்கே! மாட்டினா ரொம்பிடுமே.

— அப்ப... தெரிஞ்சுதான் மாட்டலையா?

— என்னம்மா, கண்ணு கலங்குது? ரூம்ல ஏதாவது குறையா? கூச்சப்படாம சொல்லுங்க.

— குறைதான் சார். என் ரூம்ல கூட ஒருத்தர் தங்கியிருக்காரு. எந்திரிச்சதுலேருந்து கத்தல். காபியில சூடு பத்தலைன்னா டம்ளர் பறக்கும். நான் பேச ஆரம்பிச்சா டிவி சத்தத்தைக் கூட்டுவாரு. எங்கம்மா செத்தப்ப போயிட்டு ஒரு நாள் கூடுதலா இருந்துட்டேன்னு, மாசக்கணக்கா என்கூடப் பேசல.

— அநியாயமா இருக்கே! நம்ம லாட்ஜ்லயா? யாரு அந்தாளு? இன்னைக்கே பெட்டி படுக்கையோட ரோட்டுல நிறுத்தறேன்.

— வேண்டாம் சார், போக்கிடம் இல்லாத மனுஷன். இடுப்பு வேற உடைஞ்சு கிடக்காரு.

— இத்தனை நாள் எப்படிம்மா பொறுத்தீங்க?

— வேற ரூம் காலி இல்லன்னு நினைச்சேன்.

— தப்பா நினைக்காதீங்க, தப்பு உங்க மேலயும் இருக்கு. முத நாளே சொல்லியிருக்கணும். அந்தாளு இனிமே குரலை உசத்தினா, இங்க சத்தம் போடக் கூடாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க.

— நீங்க சொன்னீங்கன்னு சொல்லட்டுமா?

— தாராளமா. கண்ணைச் சொருகுது, கொஞ்சம் சாயறேன். நீங்க போயிடாதீங்க, என்ன?

— போகல சார். தூங்குங்க.

— அம்மா, இந்தாங்க கண்ணாடி. டீ குடிக்கப் போனவர் ரெண்டு மணி நேரம் கழிச்சு இப்பத்தான் வந்தாரு. அட, தூங்கறாரே! ஆபரேஷன்லேருந்து கண்ணை மூடாத மனுஷன். என்னம்மா பண்ணீங்க?

— ஒரு புகார் குடுத்தேன் கண்ணு. ரொம்ப நாள் புகார்.

— நல்லதும்மா. காய்ச்சலும் இறங்கிக்கிட்டே வருது. நல்லாத் தூங்கி எந்திரிச்சா தெளிஞ்சிடுவாருன்னு டாக்டர் சொன்னாரு.

— ஒண்ணும் அவசரமில்லன்னு டாக்டர்கிட்ட சொல்லேன்.

— என்னம்மா நீங்க! பாருங்க, கண்ணு முழிக்கறாரு. கண்ணாடியைப் போட்டு விடுங்க.

— ஏய்! எங்கடி போய்த் தொலைஞ்ச? தொண்டை காயுது, தண்ணி குடுக்க ஒரு நாதியில்ல. மரமாட்டம் நிக்கிறா பாரு!

— ஐயா, ஐயா, கோபப்படாதீங்க. இது எந்த இடம்?

— ஆஸ்பத்திரி. பாத்தா தெரியலையா? இடுப்பு உடைஞ்சு கிடக்கேன். இவ என் பொண்டாட்டி. இன்னும் என்ன வேணும் உனக்கு?

— சூப்பர் ஐயா! அம்மா, முழுசாத் தெளிஞ்சுட்டாரு! ஐயா, தூங்கறதுக்கு முன்னாடி இவங்ககூட பேசிக்கிட்டிருந்தீங்களே, ஞாபகமிருக்கா?

— இவகூட நான் என்னத்தைப் பேச? ஏய், காது செவிடா? தண்ணி!

— சார், சத்தம் போடாதீங்க.

— என்னது?

— இங்க சத்தம் போடக் கூடாது. தண்ணி வேணும்னா மரியாதையாக் கேளுங்க, தர்றேன். அதுக்கு முன்னாடி நான் சாப்டேனான்னு கேளுங்க. மேனேஜர் உத்தரவு.

— மேனேஜரா? எந்த மேனேஜர்?

— இருந்தாரு ஒருத்தர். நல்ல மனுஷன். சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாரு.

— ஏம்மா நர்ஸ், இவளைக் கொஞ்சம் பாரு. என்னென்னமோ உளர்றா!

— ஐயோ அம்மா, டென்ஷன் ஆகாதீங்க, என்னைப் பாருங்க. தூக்கமில்லாம உங்களுக்கும் ஆரம்பிச்சிடுச்சா?

— இல்ல கண்ணு. எனக்கு இப்பத்தான் தெளிஞ்சிருக்கு.