காதுக்குப் பின்னால்

நாற்பத்தொரு வருடமாகச் சவரக்கத்தி பிடிக்கிறேன். ஒருவர் கன்னத்திலும் ரத்தம் வரவைத்ததில்லை. தும்மல் வந்தால்கூடக் கத்தியை எடுத்துவிட்டுத்தான் தும்முவேன்.

சண்டை தொடங்கிய மூன்றாம் மாதம், கடை திறக்க அனுமதிச் சீட்டு வேண்டும் என்றார்கள். கொண்டுவந்த அதிகாரி நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடி வழியாகவே என்னிடம் பேசினார்.

"பெருசு, சண்டையப் பத்தி இங்க யார் குறை சொல்றாங்கன்னு எழுதிக் குடு."

"எனக்கு எழுத வராதுங்க."

"கத்தி பிடிக்க வருமில்ல?"

அப்படி வந்ததுதான் அந்த ஏற்பாடு. குறை பேசுகிறவனுக்கு வலது காதுக்குப் பின்னால், முடிக்குள், சட்டைப் பொத்தான் அளவு சிரைத்துவிடுவேன். தெருமுனைச் சோதனைச் சாவடியில் தலையைத் திருப்பச் சொல்வார்கள். மிச்சம் அவர்கள் வேலை. தன் காதுக்குப் பின்னால் இருப்பது எவனுக்குத் தெரியும்?

முதலில் விலைவாசியைத் திட்டிய லாரி டிரைவர். பிறகு, மகனைப் பட்டாளத்துக்கு அனுப்பமாட்டேன் என்ற வாத்தியார். இருவரும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அப்புறம் தெருவே அரசாங்கத்தைப் புகழ ஆரம்பித்தது. ரேடியோ தோற்றது போங்கள். சிக்கல் எனக்குத்தான்.

"ஒரு மாசமா ஒருத்தனும் இல்லியே. நீயும் அவங்க ஆளா பெருசு?" என்றார் அதிகாரி. சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் பக்கத்துக் கடைத் தையல்காரர் வந்தார். முப்பது வருடப் பழக்கம். பட்டாளத்துக்குச் சட்டை தைப்பவர். சண்டையைப் பற்றி நல்லதும் பேசமாட்டார், கெட்டதும் பேசமாட்டார். பேச்செல்லாம் என் வழுக்கையைப் பற்றித்தான்.

"ஊருக்கெல்லாம் முடி வெட்டுறீங்க, உங்க தலைக்கு நான் ஒட்டுப்போட்டுத் தரட்டுமாண்ணே?"

சிரித்தேன். தலை என் கைக்குள் இருந்தது. சண்டையைப் பற்றி வாயே திறக்காதவன் உள்ளே என்ன வைத்திருக்கிறானோ என்று யோசித்தேன்.

"காதுகிட்ட என்னமோ சில்லுன்னு இருக்கே?"

"படிகாரம்" என்றேன். தேய்த்தும் விட்டேன்.

சாயங்காலம் அவர் மனைவி ஓடிவந்தாள்.

"அண்ணே, உங்க கடையிலேர்ந்துதான கெளம்புனாரு? சாவடியத் தாண்டவே இல்லியாம். இங்க ஏதாச்சும் பேசிட்டாரா?"

"ஒரு வார்த்தை பேசலம்மா" என்றேன். நான் பொய் சொல்கிறவனில்லை.

சண்டை முடிந்துவிட்டது. அனுமதிச் சீட்டும் சாவடியும் முடியவில்லை. அவள் இன்னும் வருகிறாள். இப்போது காணாமல் போனவர்களைப் பற்றி நீங்களும் நோட்டோடு வந்து கேட்கிறீர்கள். டிரைவருக்கும் வாத்தியாருக்கும் நான்தான் அடையாளம் போட்டேன், ஒப்புக்கொள்கிறேன். தையல்காரருக்கு மட்டும், வயதான கை, தவறிப் பட்டுவிட்டது என்று எழுதிக்கொள்ளுங்கள்.