சாத்தனூரிலிருந்து நடந்து வந்த தண்ணீர்

ஹலோ... ஆமாங்க, நசீருதீன் வாத்தியார்தான்... யாரு, கீர்த்தனா அம்மாவா? சொல்லுங்க கஸ்தூரிம்மா... ஆமா... ஆமா... என்னது, குழாயக் கட்டிப் புடிச்சிக்கினு தொறக்க விடமாட்டேங்கறாளா?... கை வெச்சா கடிக்கிறாளா! ஏனாம்?... ‘சார்தான் சொன்னாரு’ன்னா? கடிக்கவெல்லாம் நான் சொல்லித் தரலைங்களே...

ஆங்... ஆமாங்க. அத நான்தான் சொன்னேன். நேத்து ஒண்ணாங்கிளாஸ்ல, குழாய்த் தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாடம். டேமு, பைப்பு, டேங்குன்னு போர்டுல படம் போட்டேன். பாதிப் பசங்க தூங்கிடுச்சி. சரி, பசங்களுக்குத் தெரிஞ்சதா சொல்லுவோம்னு, கிரிவலம் வர்றவங்க மாதிரி சாத்தனூர் டேம்லேருந்து தண்ணி நடந்தே வருதுன்னு... ஆமா, செருப்பில்லாமன்னும் சொன்னேன். ஒரு வேகத்துல வந்துடுச்சிங்க.

...கால் வலிக்குமாம், உக்காந்துட்டு வரட்டுமாமா?... பின்ன? நடந்து வர்றவங்களுக்கு நீங்கதான கடை வாசல்ல பெஞ்சு போட்டு உக்கார வெக்கறீங்க. அதப் பாத்துத்தான வளருது.

...சிரிக்கலைங்க. சத்தியமா சிரிக்கல... தெரியும்ங்க, இன்னிக்குப் பௌர்ணமி, கடையில கூட்டம் ஜாஸ்தி. தண்ணி அரை மணி நேரம்தான், விட்டா நாளைக்குத்தான்... இன்னும் ஒரு குடம்கூட ரொம்பலையா? ஐயோ... ஹெட்மாஸ்டர்கிட்டயா? வேணாங்க, அவரு நான் எப்ப மாட்டுவேன்னு பாத்துக்கினு இருக்காரு... பதினெட்டு வருஷமா பாடம் நடத்தறேங்க, நான் சொன்னத அப்படியே நம்புன மொத ஆளு உங்க பொண்ணுதான். எங்க வீட்டம்மா, நான் மணி சொன்னாக்கூட எட்டிக் கடிகாரத்தப் பாக்கும்.

ஃபோன அவகிட்ட குடுங்க.

...கீர்த்தனா கண்ணு... சார்தாம்மா... ஆமா, ரொம்ப தூரம்தான்... வலிக்கும்தான்... ஆனா பாரு, நீ குழாய மூடிக்கினா தண்ணி பைப்புலயே நின்னுக்கினு இருக்குமே, எங்க உக்காரும்?... கரெக்ட்! குடத்துலதான் உக்காரும். தொறந்து விடு... ஏன், இன்னும் என்ன?... நான் மன்னிப்பு கேக்கணுமா? யார்கிட்ட?... தண்ணிகிட்டயா?... செருப்பு வாங்கித் தராததுக்கா... சரி. ஃபோன குழாய்கிட்ட வெய்யி.

ஹலோ... தண்ணிங்களா? வணக்கம். வாத்தியார் நசீருதீன் பேசறேன். மன்னிச்சுக்குங்க, வேற மாதிரி எனக்குச் சொல்லத் தெரியல. உள்ள வாங்க, குடத்துல காலை நீட்டி உக்காருங்க. நம்ம புள்ள வீடுதான்...

ஆ, வருது! சத்தம் கேக்குது! கஸ்தூரிம்மா, குடத்த வெய்ங்க!... போதும் கண்ணு, ஃபோன எடுத்துடு... குழாய்க்கு அடியிலேருந்து எடும்மா, நனைஞ்சிடும்... எடு, எடு...

ஹலோ?... கீர்த்தனா?... ஹலோ?...

தண்ணிங்களா?