என் தொடையிலிருந்து எடுத்த நாண்

அப்படிக் காலை மடிச்சு உட்காராதீங்க இன்ஸ்பெக்டர் சார், முட்டிக்கு நல்லதில்ல. பதினெட்டு வருஷமா பிசியோதெரபிஸ்டா இருக்கேன், கண்ணு தானா அங்கதான் போகுது.

தம்பி ஃபுட்பால் ஆடுறவன். முட்டிக்குள்ள ஜவ்வு மூணாவது தடவை கிழிஞ்சப்போ, வச்சுக் கட்ட அவன் தொடையில தசைநாண் மிச்சமில்ல, முன்னாடி ஆபரேஷனுக்கே எடுத்தாச்சு. "என்னோடத எடுங்க டாக்டர்"னு நான் படுத்தேன். என் வலது தொடையிலேர்ந்து உருவி, அவன் எலும்புல ஓட்டை போட்டு, உள்ள இழுத்து, திருகாணி வச்சு முடுக்கினாங்க. "அண்ணே, இனி நான் அடிக்கிற கோல்ல பாதி உன்னோடது"ன்னான். நான் அழுதுட்டேன்.

பயிற்சி கொடுத்ததும் நான்தான். மொட்டை மாடியில, ஒரு நாள் விடாம. நானும் காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தேன். வீட்டுல யாரும் கவனிக்கல, பரவாயில்ல.

பத்தாவது வாரம் ஒரு நாள் அவனுக்குத் துண்டு எடுத்துட்டுப் போனேன். போன்ல டீம் மேனேஜர்கிட்ட பேசிட்டிருந்தான். "அண்ணன் அந்தக் காலத்து ஆளு சார். வேற நல்ல பிசியோவா பாருங்க, இவரை நான் கழட்டி விட்டுடறேன்." சிரிச்சுக்கிட்டே சொன்னான். துண்டை அவன் கையில கொடுத்துட்டு வந்துட்டேன்.

எங்க வேலையில ஒரு விஷயம் இருக்கு. புதுசா வச்ச நாண் அந்தப் பத்து, பன்னெண்டு வாரத்துலதான் ரொம்ப இளைச்சுக் கிடக்கும். வலி மட்டும் போயிருக்கும். ஆளுக்கு எல்லாம் சரியாயிடுச்சுன்னு தோணும். நாங்கதான் கையைப் பிடிச்சு நிறுத்தி வைக்கணும்.

நான் நிறுத்தல. மறுநாள் காலையில ஒரு மேடையில ஏத்தி, "குதிச்சு சட்டுனு திரும்பு"ன்னேன்.

"இவ்வளவு சீக்கிரமாவா அண்ணே?"

"என்மேல நம்பிக்கை இல்லையா?"

குதிச்சான். முதல் தடவை தாங்குச்சு. என் நாண் இல்லையா, எனக்குப் பெருமையாக்கூட இருந்துது. இன்னொரு தடவைன்னேன். அதுல சத்தம் கேட்டுது.

ஈர மாடியில வழுக்கி விழுந்தான்னு நான் உங்க ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்தது பொய். தரை காய்ஞ்சுதான் இருந்துது. தெரிஞ்சேதான் குதிக்க வச்சேன். என்னோடதைத்தானே அறுத்தேன், அவனோடதை இல்லையே.

நேத்து டாக்டர் மறுபடியும் நாண் வேணும்னார். தம்பி என் முகத்தையே பார்த்தான். இடது கால் இருக்கேன்னு சொல்லிட்டேன். ஆபரேஷன் முடிஞ்சு ஒரு பத்து வாரம் மட்டும் என்னை அவன்கூட விடுங்க சார். கூடப் பிறந்தவனை என்னை விட்டா யாரு பார்த்துப்பா?