வேலிக்கு வெளியே அறுநூறு தப்படி

ஊதியத் தகராறு நடுவர் அவர்களுக்கு,

அன்று அறையில் நான்கு பேர் இருந்தோம். மேசையின் தலைமாட்டில் மேலாளர் ஹேகமன். சன்னலோரம், உறைந்த ஏரிக்கு முதுகு காட்டி, பயிற்சியாளர் டொம்ப்ரோவ்ஸ்கி. கதவருகே ஆட்டக்காரர் கர்ட்டிஸ் டாலிவர். அவர் உடம்பைத் தாங்கும் நாற்காலி அங்கேதான் கிடந்தது. அவருக்கு எதிரே, தாள்களோடு நான், டுலூத் கால்பந்து அணியின் ஊதியப் பொறுப்பாளன். காபி ஆறிப்போயிருந்தது.

ஓர் அணி தன் ஆட்டக்காரர்களுக்கு மொத்தமாக இவ்வளவுதான் கொடுக்கலாம் என்ற உச்சவரம்பு தாங்கள் அறிந்ததே. பழைய அணியோடு ஒப்பந்தம் முடிந்து சந்தைக்கு வந்திருந்த இருபத்தாறு வயது கியாஹியை எடுக்க எங்களிடம் இடம் இல்லை. டாலிவரின் ஊதியமோ உறுதி செய்யப்பட்டது; அவரை நீக்கினாலும் அது எங்கள் கணக்கிலேயே நிற்கும். பாதிக்கு ஒத்துக்கொள்ளும்படி ஹேகமன் கேட்டார். டாலிவர் சிரித்தார்.

"இந்த முட்டியில ஏழு தடவ கத்தி வெச்சாச்சு. எட்டாவது நீங்களாக்கும்? என்ன வாத்தியாரே, ஒங்க தாள்ல என் பேரு ரொம்ப எடத்த அடைக்குதோ?"

அடைத்தது. நான் மறுக்கவில்லை.

அவர் போன பிறகு டொம்ப்ரோவ்ஸ்கி, "மீன் பிடிக்கப் போன எடத்துல வழுக்கி விழுந்து கால ஒடிச்சிக்கிட்டான்னா நமக்கு விடிஞ்சிரும்" என்றார். ஓய்வுக் காலத்தில் வளாகத்துக்கு வெளியே அடிபட்டால் அணி ஊதியம் தர வேண்டியதில்லை; உள்ளே பட்டால் தந்தே ஆக வேண்டும். இருவரும் சிரித்தார்கள். நான் குறித்துக்கொண்டேன்.

ஒன்பது குளிர்காலமாக டாலிவரும் நானும் ஏரிப் பனிமேல் ஒரே குடிலில், பனியில் துளையிட்டு மீன் பிடித்து வந்தோம். மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் வளாக வேலியிலிருந்து குடில்வரை எண்ணிக்கொண்டே நடந்தேன். அறுநூறு தப்படி. அவர் மக்காச்சோள ரொட்டி கொண்டுவந்திருந்தார். சாப்பிட்டோம்.

தூண்டிலை இறக்க அவர் குனிந்தபோது, பனி உடைக்கும் கடப்பாரையால் வலது முட்டியில் அடித்தேன். முதல் அடியில் மூட்டு விலகியது. அது ஆறு வாரத்தில் கூடிவிடும், எங்களுக்குப் போதாது. ஆகவே இன்னும் மூன்று அடி. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்ததும் நிறுத்திவிட்டேன். தேவைக்கு மேல் அடிக்கவில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

"நான் ஒனக்கு என்னப்பா செஞ்சேன்?" என்றார். ஒன்றும் செய்யவில்லை என்று உள்ளதைச் சொன்னேன்.

பிறகு அவர் ஊர்ந்து போகத் தொடங்கினார். உதவி தேடுகிறார் என்றே நினைத்தேன். பக்கத்துக் கரையில் வீடுகள் இருந்தும் அங்கே திரும்பாமல் எங்கள் வேலியை நோக்கி நகர்ந்தபோதுதான் புரிந்தது. பதினோரு ஆண்டு ஆடியவர். விதி அவருக்கும் மனப்பாடம். உடைந்த காலைப் பிடித்து இரண்டு முறை பின்னால் இழுத்துப் போட்டேன். இரண்டாம் முறை கால் என் கையோடு வந்துவிடும் போலிருந்தது. மூன்றாம் முறை வளாக வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது, விட்டுவிட்டேன். அவர் வேலிக்குள் போய்விட்டார்.

வளாகத்து உடற்பயிற்சிக் கூடப் படியில் விழுந்ததாகச் சொல்லியிருக்கிறார். என் பெயரை இதுவரை சொல்லவில்லை. சொன்னால் அடி வேலிக்கு வெளியே போய்விடுமே. அந்த ஊதியம் கழிந்துவிட்டதாக வைத்துக் கியாஹியிடம் கையெழுத்து வாங்கிவிட்டோம். வெள்ளிக்கிழமை தாங்கள் டாலிவர் பக்கம் தீர்த்தால் அத்தனையும் எங்கள் தலையில் ஏறும். கியாஹியை விட வேண்டிவரும். ஒரு பொய் அப்படி ஜெயிக்கக் கூடாது. அதற்காகவே எழுதுகிறேன்.

அவர் ஊர்ந்த தடத்தைப் புதுப்பனி மூடியிருக்கிறது. மேலாகச் சுரண்டினால் சிவப்புத் தெரியும். ஏரி இளகுமுன் ஆள் அனுப்பி அளந்துகொள்ளவும். கடப்பாரை குடிலிலேயே இருக்கிறது.

தபால்காரம்மா வாசலில் நிற்கிறார். இதை முடித்ததும் உறையை ஒட்டி அவர் கையில் கொடுப்பேன். நேற்று மருத்துவமனைக்குப் போயிருந்தேன். காலைத் தொடையோடு எடுத்துவிட்டார்கள். டாலிவர் என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பொய் சொன்ன வெட்கம், பாவம்.

இப்படிக்கு,
ஆர்லன் கொய்விஸ்தோ